மட்டக்களப்பு வாவிக்கரையில் சிறிய எண்ணெய் வர்ண ஸ்டடி: பலகை வெட்டுவதிலிருந்து மாரிகால வேலை வரை

வெளியே நின்று, கையளவுப் பலகையில், ஒரே இருப்பில் எண்ணெய் வர்ணத்தால் முடிக்கும் சின்னப் படத்தைத்தான் இங்கே ஸ்டடி என்கிறேன். நிலக்காட்சி கீறுகிறவருக்கு அன்றாட வேலை அதுதான். பெரிய படம் பிறகு வீட்டில் வரும்.

பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்தில் பெஸ்டலும் போஸ்டர் கலரும் பழகி, இப்போது எண்ணெய் வர்ணத்துக்கு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் திறமையில் அல்ல, ஒழுங்கில். போஸ்டர் கலர் பத்து நிமிடத்தில் காயும், அதன் மேல் எதையும் பூசலாம். எண்ணெய் வர்ணம் அன்று முழுக்க ஈரமாகவே கிடக்கும். முதலில் வைத்தது பிறகு வைப்பதோடு கலந்தே தீரும். ஆகவே எதை முதலில் செய்வது என்பதுதான் பாதி வேலை.

இன்னொன்று: ஒரு ஸ்டடி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வானமும், தோணியும், கண்டலும், பாலமும் எல்லாம் ஒரே பலகையில் வேண்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது.

1. பலகையை ஒரு வாரத்துக்கு முன்னரே தயாரியுங்கள்

கன்வஸ் வேண்டாம். காற்றில் அதிரும், பின்னாலிருந்து வெயில் பட்டால் துணியினூடாக வெளிச்சம் தெரிந்து எல்லா நிறத்தையும் கெடுக்கும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் ஹாட்போட் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) காணும். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்றை 6×8 அங்குலமாக வெட்டினால் 96 பலகை வரும். வாள் தின்பதால் ஒவ்வொன்றும் ஒரு நூல் குறையும், பரவாயில்லை. கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். அளவு மாறினால் வர்ணப் பெட்டியில் பலகை செருகும் காடியில் (பள்ளத்தில்) நுழையாது.

வழுவழுப்பான பக்கத்தை 220 இலக்க மண்கடதாசியால் லேசாகத் தேயுங்கள். பிறகு அக்ரிலிக் ஜெஸோ (வர்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு அல்லது மூன்று பூச்சு. ஒரு பூச்சு இடம் வலமாக, அடுத்தது மேல் கீழாக. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. விளிம்புக்கும் பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சாவது கட்டாயம் வேண்டும். மாரியில் காற்று முழுக்க ஈரம். ஒரு பக்கம் மட்டும் அடைத்த பலகை மறுபக்கத்தால் ஈரத்தைக் குடித்து வளைந்துவிடும்.

ஜெஸோவுக்குப் பதிலாகச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைப் பூசிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது வர்ணத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும். காய்ந்ததும் நிறம் செத்து, பிறகு பொடிப்பொடியாகக் கொட்டும். ஜெஸோ பூசாத வெறும் ஹாட்போட்டும் கூடாது. எண்ணெய் மரநாருக்குள் இறங்கி நாரையும் கெடுக்கும், வர்ணத்தையும் கெடுக்கும்.

கடைசிப் பூச்சில் கொஞ்சம் அக்ரிலிக் காவி நிறம் கலந்து, பலகையை நடுத்தர நிறமாக்குங்கள். செங்கல் நிறத்தைவிடச் சற்று மங்கலாக இருந்தால் சரி. வெள்ளைப் பலகையில் எதை வைத்தாலும் இருட்டாகத் தெரியும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் வெளிறலாகப் பூசுவீர்கள். நடுத்தர நிறத்தின் மேல் வெளிச்சமும் இருளும் முதல் தடவையிலேயே தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகு குறைந்தது மூன்று நாள் காற்றாட விடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

2. வர்ணம் ஆறு போதும்

டைட்டேனியம் வைட், கட்மியம் யெலோ லைட், யெலோ ஓக்கர், பெர்மனென்ட் அலிசரின் (கருஞ்சிவப்பு), பேர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரீன் புளூ. வைட் மட்டும் பெரிய டியூப் வாங்குங்கள், மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக முடிவது அதுதான். கட்மியம் விலை கூடினால் ஹன்சா மஞ்சள் எடுக்கலாம். அலிசரினில் பழைய வகையை வாங்காதீர்கள். அது வெளிச்சத்தில் வெளிறும். டியூபில் ‘பெர்மனென்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பச்சை டியூப் இல்லையே என்று எல்லோரும் கேட்பார்கள். மட்டக்களப்பில் கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் பச்சைதான், அதனால்தான் பச்சை டியூப் வேண்டாம் என்கிறேன். டியூபிலிருந்து வரும் பச்சை ஒன்றுதான். கரையில் நிற்கும் பச்சையோ பல. அல்ட்ராமரீனும் யெலோ ஓக்கரும் சேர்ந்தால் கண்டலின் மங்கிய பச்சை. அல்ட்ராமரீனும் கட்மியம் யெலோவும் சேர்ந்தால் நாற்று வயலின் பச்சை. அது பளிச்சென்று கத்தினால் பேர்ன்ட் சியன்னா துளி போட்டால் அடங்கும். கறுப்பு டியூபும் வேண்டாம். அல்ட்ராமரீனும் பேர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்குக் கிட்டிய இருள் வரும். அதையே வெள்ளையோடு சேர்த்தால் சாம்பல்.

தூரிகையில் கரடுமுரடான மயிர்த் தட்டைத் தூரிகைகள் மூன்று, 4, 6, 8 இலக்கம். மெல்லிய உருண்டைத் தூரிகை ஒன்று. வளைந்த கழுத்துள்ள கலவைக் கத்தி ஒன்று. புதியவர்கள் சின்னத் தூரிகையைத்தான் முதலில் எடுப்பார்கள், பலகை சின்னது என்பதால். அது நேர்மாறு. பலகை சின்னதாக இருக்கும்போதுதான் பெரிய தூரிகை உங்களைத் தேவையில்லாத விவரத்திலிருந்து காப்பாற்றும்.

கரைக்க ஓவியருக்கான டேர்பன்டைன் அல்லது மணமில்லாத மினரல் ஸ்பிரிட். ஹாட்வெயார் டேர்பன்டைன் தூரிகை கழுவ மட்டும். ஆளிவிதை எண்ணெய் ஸ்டடிக்குத் தேவையில்லை, டியூபில் உள்ளதே காணும்.

3. பெட்டியும் முக்காலியும்

உள்ளே 8×10 அங்குலம் வரும் ஆழம் குறைந்த மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் சாய்ந்து நிற்க வேண்டும், அதிலே பலகை இருக்கும். கீழே கலவைத் தட்டு. மூடிக்குள் ஈரப் பலகை இரண்டு செருகக் காடி. ஒரு தச்சரிடம் படம் கீறிக் காட்டினால் செய்து தருவார். பெட்டியின் அடியில் கால் அங்குல நட்டு ஒன்று பதிக்கச் சொல்லுங்கள். கெமரா முக்காலியின் திருகு அந்த அளவுதான், நேரே பூட்டிவிடலாம்.

நின்று வேலை செய்யுங்கள். இருந்தால் பின்னால் போய்ப் பார்க்க முடியாது. ஸ்டடியில் பாதித் தவறு இரண்டடி பின்னால் போனதும் தானாகத் தெரியும்.

கலவைத் தட்டை வெள்ளையாக வைக்காமல் பலகையின் நிறத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். தட்டில் சரியாகத் தெரிந்த நிறம் பலகையில் பிழைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மற்றவை: தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பழைய சாரத்தைக் கிழித்த சீலைத் துண்டுகள், மூடி இறுகும் ஜாம் போத்தலில் டேர்பன்டைன், குப்பைக்கு ஒரு பை. உடுப்பு மங்கல் நிறமாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டையும் சிவப்புச் சட்டையும் ஈரமான வர்ணத்தில் எதிரொளித்து நிறத்தை மாற்றிக் காட்டும். கறுப்புக் கண்ணாடி கூடவே கூடாது.

4. இடத்தைவிட நேரம் முக்கியம்

நமக்கு வசதி ஒன்று உண்டு. வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. காலையில் படுவான்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் எதிர்வெளிச்சம். அதே நேரம் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால். பின்னேரம் இது அப்படியே மாறும்.

புதியவர்கள் முதல் சில மாதம் எதிர்வெளிச்சத்தையே எடுங்கள். பொருள்கள் தட்டையான இருண்ட வடிவங்களாக நிற்கும், நிறம் குறைவு, டோன், அதாவது வெளிச்சம் இருளின் அளவு, தெளிவாகப் பிரியும். முன்வெளிச்சத்தில் எல்லாம் நிறமாகத் தெரியும், நிழல் ஒளிந்துகொள்ளும், அது கடினம். படுவான்கரையில் வவுணதீவுப் பக்கம் காலை ஆறரைக்கு நின்றால் நகரத்துக் கரை முழுக்க ஒரே சாம்பல் பட்டையாக இருக்கும். ஆனால் சூரியனை நேரே பார்க்காதீர்கள். அதிலிருந்து நன்றாக ஒதுங்கி, கண் கூசாத பக்கம் திரும்பி நில்லுங்கள்.

பின்னேர எதிர்வெளிச்சம் அழகாக இருந்தாலும் தொடக்கத்துக்குக் காலைதான் நல்லது. பின்னேரம் வெளிச்சம் குறையக் குறையத் தட்டிலுள்ள நிறமும் தெரியாமல் போகும். நம் பக்கம் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது, பொழுது பட்டு அரை மணிக்குள் இருட்டு.

எவ்வளவு வேகமாக எல்லாம் மாறும் என்பதை ஒரு தென்னையின் நிழலை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். இரவும் பகலும் சமமான நாட்களில் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை ஏறும். ஆறு மணிக்கு உதித்தால் ஏழு மணிக்கு நிழல் மரத்தின் உயரத்தைப்போல் மூன்றே முக்கால் மடங்கு. எட்டு மணிக்கு ஒன்றே முக்கால். ஒன்பது மணிக்கு மரமளவே. ஏழு மணிக்குக் கீறிய நிழலை எட்டு மணிக்குத் திருத்தினால் படத்தில் இரண்டு சூரியன் இருக்கும்.

ஒன்பதுக்குப் பிறகு மூன்றரை வரை வீட்டு வேலை பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மத்தியான வெயில் தலைக்கு நேரே மேலே நிற்கும். அந்த நேரம் கீற நிழலே இருக்காது.

பருவமும் பார்க்க வேண்டும். மே தொடக்கம் ஆவணி வரை கச்சான் அடிக்கும். அது மேற்கிலிருந்து வரும் சூட்டுக்காற்று, வாவியைச் சிலிர்க்க வைத்துப் பிரதிபலிப்பை உடைத்துவிடும். அந்த மாதங்களில் விடியற்காலையே நல்லது. கச்சான் நாளில் குடை விரிக்காதீர்கள், முக்காலியோடு பெட்டி வாவிக்குள் போகும். மரத்தின் கீழோ சுவரின் மறைவிலோ நில்லுங்கள், முக்காலியின் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள்.

வட்டைப் பக்கமோ (வயல்வெளி) அம்பாறை உட்பகுதியோ என்றால் பின்னேர ஸ்டடி வேண்டாம், அல்லது பொழுது படமுன் கிளம்பிவிடுங்கள். யானை வரும் நேரத்தை ஊரவர்களிடம் கேளுங்கள். முகாமோ காவலரணோ பக்கத்தில் இருந்தால் முக்காலி விரிக்குமுன் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஆட்கள் வந்து பார்ப்பார்கள். முக்காலியைக் கண்டதும், “என்ன மகன், காணி அளக்க வந்தீங்களா?” என்று கேட்பார்கள். “இல்ல மாமா, படம் கீறுறன்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். கதைத்துக்கொண்டே பூசினால் இரண்டும் கெடும்.

5. முதல் பத்து நிமிடம் வர்ணத்தைத் தொடாதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் வர்ணம் பிதுக்கத்தான் கை போகும். அதற்கு முன் மூன்று வேலை.

முதலாவது, கடதாசி மட்டையில் 3×4 விகிதத்தில் ஓட்டை வெட்டி அதனூடாகப் பாருங்கள். 6×8 பலகைக்கு அதே விகிதம். கண் எல்லாவற்றையும் பார்க்கும். மட்டை எதை விடுவது என்று சொல்லும்.

இரண்டாவது, கேள்வியைச் சிறு கொப்பியில் ஒரு வரியில் எழுதுங்கள். ‘நீர் வானத்தைவிட எவ்வளவு இருட்டு?’ ‘அக்கரை மரங்கள் நீலமா, ஊதாவா?’ கல்லடிப் பாலத்தை எடுத்தால், ‘பாலத்தின் அடிநிழலுக்கும் அதன் கீழுள்ள நீருக்கும் என்ன வித்தியாசம்?’ என்பது நல்ல கேள்வி. ‘கல்லடிப் பாலம்’ என்பது கேள்வியல்ல, தலைப்பு. அந்தத் தலைப்போடு தொடங்குகிறவர் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்பார், வெளிச்சம் போய்விடும்.

மூன்றாவது, தீப்பெட்டியளவுக் கட்டத்துக்குள் பென்சிலால் மூன்றே டோனில் கீறுங்கள்: வெளிச்சம், நடு, இருள். இதிலே படம் நிற்காவிட்டால் பலகையிலும் நிற்காது. இடத்தை மாற்றுவதென்றால் இப்போதே மாற்றுங்கள்.

6. கலவையைத் தட்டிலேயே முடியுங்கள்

தட்டும் பலகையும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். பலகையில் வெயில் விழுந்தால் நிறம் பளிச்சென்று தெரியும். அதை அடக்க நீங்கள் இருட்டாகக் கலப்பீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் படம் முழுக்கப் புகை பிடித்தது போலிருக்கும். வெளியே நன்றாக வந்தது உள்ளே ஏன் கெட்டது என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது பெரிய வடிவங்களுக்கு ஒவ்வொரு குவியல். வவுணதீவுக் கரையில் காலை ஆறேமுக்கால் என்று வைத்துக்கொள்வோம். வானம், நீர், அக்கரை, கிட்டக் கண்டல் என்று நான்கு வடிவம்.

கண்டலில் தொடங்குங்கள். அல்ட்ராமரீனும் பேர்ன்ட் சியன்னாவும் சம அளவு, ஓக்கர் கொஞ்சம். வெள்ளை இல்லை. இதுதான் படத்தின் இருள் எல்லை. அடுத்தது வானம், அடிவானப் பக்கம். வெள்ளை நிறைய, ஓக்கர் கொஞ்சம், அலிசரின் ஊசிமுனையளவு. நம் வானம் அடிவானத்தில் நீலமே அல்ல. ஈரமும் தூசியும் சேர்ந்து பால் கலந்த வெளிர் மஞ்சளாக இருக்கும். மேலே போகப் போகத்தான் நீலம். டியூப் நீலத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இழுப்பதுதான் புதியவர் செய்யும் வானம்.

இரு எல்லையும் கிடைத்துவிட்டது, மற்றது நடுவில். அக்கரைக்கு அல்ட்ராமரீன், பேர்ன்ட் சியன்னா, வெள்ளை, அலிசரின் துளி: ஊதா சேர்ந்த சாம்பல். நீருக்கு வானக் குவியலில் கொஞ்சம் பிரித்தெடுத்து, அதிலே அக்கரைச் சாம்பலைச் சிறிது கலக்குங்கள். வானத்தைவிட ஒரு படி இருட்டு, அவ்வளவுதான்.

கண்ணை அரைவாசி மூடிக் காட்சியையும் தட்டையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டு குவியல் ஒன்றோடொன்று மறைந்தால் டோன் பிரியவில்லை. சந்தேகமென்றால் தொலைபேசியில் தட்டைக் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள், பொய் சொல்லாது.

இதற்குக் கால் மணி நேரம் போனாலும் கவலை வேண்டாம். கலவை சரியென்றால் பூசுவது கெதியாக நடக்கும்.

7. பூசும் ஒழுங்கு

பேர்ன்ட் சியன்னாவை டேர்பன்டைனில் தண்ணீர்போலக் கரைத்து, வடிவங்களின் எல்லையைத் தூரிகையால் கீறுங்கள். பென்சில் வேண்டாம், கீறும் ஆசை அதிகமாகி இலை கீறத் தொடங்குவீர்கள். அக்கரையின் நீர்க்கோடு நேர்மட்டமாக இருக்க வேண்டும். கத்தியின் விளிம்பை வைத்துச் சரிபாருங்கள். அந்தக் கோடு ஒரு நூல் சரிந்தாலும் வாவி வழிந்து ஓடும்.

பிறகு இருள், அதாவது கண்டல். மெல்லியதாக, பலகை கொஞ்சம் தெரிய. இருளைத் தடிப்பாக வைத்தால் அதற்கு மேல் வரும் வெளிர் நிறமெல்லாம் அதில் அளைந்து சேறாகும்.

அடுத்து வானம், அக்கரை, நீர். இந்த மூன்றையும் கொஞ்சம் தடிப்பாக வைக்கலாம். ஒரு இழுப்புக்கு ஒரு தடவை தூரிகையைச் சீலையில் துடையுங்கள். புதியவர்களின் படம் சேறாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஈரத்தின் மேல் ஈரம் வைக்கும்போது வர்ணம் கூட, அழுத்தம் குறைய. ஒரு முறை வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள், தடவாதீர்கள்.

பலகை முழுதும் மூடப்படும்வரை எந்த இடத்தையும் முடிக்காதீர்கள். மூடிய பிறகு விளிம்புகளைப் பாருங்கள். தூரத்து மரங்கள் வானத்தைத் தொடும் இடம் மென்மை, கிட்டக் கண்டல் நீரை வெட்டும் இடம் கூர்மை. இங்கினியாகலைப் பக்கம் போய்ச் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் அக்கரை மலைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு மலைவரிசையும் பின்னால் போகப் போக வெளிறி, விளிம்பு கரையும். நீரும் மலையும் ஒன்றாகக் கிடைக்கும் அந்த இடம் டோன் பழக மிக நல்லது.

மரங்களின் இடையே தெரியும் வானத்துண்டுகளைக் கடைசியில் வையுங்கள். அவற்றை வானத்தைவிடச் சற்று இருட்டாகக் கலக்க வேண்டும். அதே வான நிறத்தில் வைத்தால் மரத்தில் மின்குமிழ் கட்டியதுபோல் துருத்தும்.

8. நீருக்குத் தனியாக இரண்டு வார்த்தை

நீரில் தெரிவது காட்சியின் நகல் அல்ல. வெளிச்சமான பொருள் நீரில் கொஞ்சம் இருண்டு தெரியும், இருண்ட பொருள் கொஞ்சம் வெளிறித் தெரியும். கண்டலின் பிரதிபலிப்பைக் கண்டல் குவியலிலேயே எடுத்துப் பூசினால் கரை எங்கே முடிகிறது என்று தெரியாது. அதற்கு அந்தக் குவியலில் பேர்ன்ட் சியன்னாவும் நீர்க்குவியலும் சிறிது சேருங்கள். நவம்பர், டிசெம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வாவி கலங்கியிருக்கும்போது சியன்னா இன்னும் கூட வேண்டும். தெளிந்த நீரில் நிழலினூடாக அடி தெரியும். கலங்கிய நீரில் நிழலே மண்ணிறமாகும்.

பிரதிபலிப்பு பொருளுக்கு நேர் கீழே, செங்குத்தாக வரும். நிழல்தான் வெயிலின் திசைக்குச் சரியும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தோணியின் பிரதிபலிப்பைச் சரிவாகக் கீறுவது அடிக்கடி நடக்கும்.

முதலில் செங்குத்தாக இழுத்துவிட்டு, பிறகு காற்று சிலிர்த்த இடத்தில் மட்டும் சுத்தமான தூரிகையால் ஒன்றிரண்டு கிடைக்கோடு. அலை அலையாகக் கோடு போட்டு நிரப்பாதீர்கள்.

9. நிறுத்துவது

பூசத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரம், பொழுது படுகிற நேரமென்றால் அரை மணி. தொலைபேசியில் மணி வைத்துவிடுங்கள். மணி அடிக்கும்போது கொப்பியில் எழுதிய கேள்வியைப் பாருங்கள். பதில் பலகையில் இருந்தால் ஸ்டடி முடிந்தது, மூலை வெறுமையாக இருந்தாலும். பதில் இல்லையென்றால் அதே இடத்துக்கு அடுத்த நாள் அதே நேரம் புதுப் பலகையோடு போங்கள். பழையதை இழுத்துத் திருத்தாதீர்கள். வெளிச்சம் மாறிய பிறகு செய்யும் திருத்தமெல்லாம் ஞாபகத்திலிருந்து வருவது. ஸ்டடி நிறைய வேண்டும் என்பதால்தான் 96 பலகை வெட்டச் சொன்னேன்.

பலகையை மட்டும் காப்பாற்ற நினைத்தால் கத்தியால் சுரண்டித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கீழே படியும் மங்கல் நிறம் நல்ல அடிப்பூச்சாகும்.

10. கொண்டுவருவதும் துப்புரவும்

காடியில் இடமில்லையென்றால் இரண்டு பலகையை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் நெருப்புக்குச்சித் துண்டு வைத்து, ரப்பர் பட்டியால் கட்டுங்கள். மூலையில் நான்கு சிறு புள்ளி விழும், வீட்டில் தொட்டுவிடலாம்.

சீலைத் துண்டுகளைப் பற்றிக் கவனமாக இருங்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய் பட்ட சீலையைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். நம் வெப்பத்தில் இன்னும் சுலபம். ஒவ்வொன்றையும் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் விட்ட மூடியுள்ள தகரப் பேணியில் போடுங்கள். பையில் அப்படியே விட்டு மோட்டார் சைக்கிளில் வைக்காதீர்கள்.

அழுக்கு டேர்பன்டைனை வாவியிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். ஜாம் போத்தலில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வேறு போத்தலில் ஊற்றித் திரும்பப் பாவியுங்கள். தூரிகையை டேர்பன்டைனுக்குப் பிறகு சவர்க்காரம் போட்டு, உள்ளங்கையில் தேய்த்து, நுரை வெள்ளையாகும்வரை கழுவுங்கள். கட்மியம் பட்ட கையோடு சாப்பிடவோ வெற்றிலை போடவோ கூடாது.

11. காய்தலும் பின்பக்கக் குறிப்பும்

மெல்லிய ஸ்டடி சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தொடக் காயும். பேர்ன்ட் சியன்னா கெதியாகவும் அலிசரின் மெதுவாகவும் காயும், ஒரே படத்தில் வித்தியாசம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அலுமாரிக்குள் பூட்டாதீர்கள், இருட்டில் காயும் எண்ணெய் மஞ்சள் பிடிக்கும். நேர்வெயிலும் வேண்டாம். வெளிச்சமுள்ள அறையில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தட்டில் அடுக்குங்கள். மாரியில் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

பின்பக்கத்தில் திகதி, நேரம், இடம், பார்த்த திசை, காற்று, கேள்வி என்று எழுதுங்கள். இங்கிலாந்து ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822 இல் ஹாம்ப்ஸ்டெட்டில் செய்த முகில் ஸ்டடிகளின் பின்பக்கத்தில் நாளும் மணியும் காற்றின் திசையும் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தச் சாம்பல் எந்த மணிக்குரியது என்று உங்களுக்கே விளங்காது.

12. மாரியில் பெரிய படம்

வாடைக்காற்றும் மழையும் வந்ததும் வெளிவேலை நின்றுவிடும். ஆண்டு முழுக்கச் சேர்ந்த ஸ்டடிகளை அப்போது சுவரில் வரிசையாக வைத்துப் பார்த்து, பெரிய படத்துக்கு இரண்டு மூன்றைத் தெரிவு செய்யுங்கள்.

6×8 இலிருந்து 18×24 க்குப் போகலாம், விகிதம் ஒன்றுதான். ஸ்டடியின் மேல் கண்ணாடித்தாளில் கட்டம் கீறி, கன்வஸிலும் அதே எண்ணிக்கைக் கட்டம் போட்டு வடிவங்களை மாற்றுங்கள். ஆனால் பரப்பு ஒன்பது மடங்கு கூடுகிறது. ஸ்டடியில் ஒரே இழுப்பாக இருந்த தோணி இங்கே கையளவு ஆகும், அதற்கு விவரம் வேண்டும். இதற்காகத்தான் வெளியே போகும்போது தோணி, வலை, வேர் என்று பென்சிலால் தனியாகக் கீறி வைக்க வேண்டும். தொலைபேசிப் படத்தை வடிவத்துக்கு மட்டும் பாருங்கள். அது நிழலைக் கறுப்பாக்கும், அல்லது வானத்தை வெள்ளையாக்கும். நிறத்துக்கும் டோனுக்கும் ஸ்டடிதான் சாட்சி.

பெரிய படத்தில் பல பூச்சு வரும். முதல் பூச்சு டேர்பன்டைன் கூடிய மெலிவு, மேலே போகப் போக எண்ணெய் கூட. மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முதலில் காய்ந்து, அடியில் உள்ளது பிறகு அசைய, வெடிப்பு விழும்.

13. விற்கும்போது

ஸ்டடிகளை விற்கலாம், வீட்டுச் சுவருக்குச் சின்னப் படம் தேடி வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் பெரிய படத்துக்கு இன்னும் பயன்படுத்தாததை விற்காதீர்கள். திரும்பப் போனால் அந்தக் காலை கிடைக்காது. விற்றவற்றையும் பின்பக்கக் குறிப்போடு படமெடுத்து வையுங்கள்.

வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதமாவது பொறுங்கள், தடிப்பான இடம் இருந்தால் ஒரு வருடம். வாங்குகிறவர் அவசரப்பட்டால் வார்னிஷ் இல்லாமலே கொடுத்து, பிறகு கொண்டுவந்தால் பூசித் தருவதாகச் சொல்லிவிடுங்கள். சட்டம் போடுகிறவர் கண்ணாடி போட்டுத் தரட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முழுதாகக் காயாத எண்ணெய் வர்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க ஏலாது.